மெர்க்குரி பல்பும் அதன் சோக்கும்: சேகரிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரப்பர் ஸ்டோர், புகைக்கூடம், செம்பனை ஆலை, பெரட்டுக்களம், தோட்டத்துப் பந்துத் திடல் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரவில் வேலையோ கூட்டமோ இருந்த இடங்களில் எரிந்த மெர்க்குரி பல்பின் நீலப்பச்சை வெளிச்சம் இப்போது எல்இடிக்கு இடம் கொடுத்துவிட்டது. கழற்றிய விளக்குகள் பெசி பூரோக் (பழைய இரும்பு) கடைக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றிரண்டை மீட்டுச் சேர்த்து வைக்கவும், மறுபடி எரிய வைத்துப் பார்க்கவும் நினைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

கையில் கிடைத்தது மெர்க்குரி பல்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முட்டை வடிவம், உள்ளே வெள்ளைப் பூச்சு. இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சோடியம் பல்பும் மெட்டல் ஹாலைடு பல்பும் இதே உருவத்தில் வந்திருக்கின்றன. முதலில் கண்ணாடியின் உச்சியிலோ கழுத்திலோ உள்ள எழுத்தைப் படியுங்கள். பிலிப்ஸ் என்றால் எச்பிஎல், ஜெர்மன் ஓஸ்ராம் என்றால் எச்க்யூஎல், பிரிட்டிஷ் தயாரிப்பு என்றால் எம்பிஎஃப் அல்லது எம்பிஎஃப்/யு, ஜப்பான் பல்பு என்றால் எச்எஃப் என்று தொடங்கும். எஸ்ஓஎன் அல்லது என்ஏவி என்று இருந்தால் அது சோடியம்.

எழுத்து அழிந்திருந்தால் பலமான டார்ச்சைக் கண்ணாடியின் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து நிழலைப் பாருங்கள். மெர்க்குரி என்றால் உள்ளே கட்டை விரல் அளவு பருமனில் தெளிவான குவார்ட்ஸ் குழாய் இருக்கும். அதன் இரண்டு முனையும் தட்டையாக நசுக்கி மூடப்பட்டிருக்கும். ஒரு முனையில் முக்கிய மின்முனைக்கு அருகே ஊசிபோல் இன்னொரு சிறு மின்முனையும், அதிலிருந்து வெளியே வந்து ஒரு சிறிய ரெசிஸ்டருக்குப் போகும் கம்பியும் தெரியும். சோடியம் பல்பில் இருப்பது பென்சில் போன்ற மெல்லிய, பால் வெள்ளைப் பீங்கான் குழாய்.

பூச்சில்லாத தெளிவான பல்பு கிடைத்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம். உள்குழாயில் பாதரச மணிகள் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

மல்டிமீட்டரில் வைத்தால் ஒன்றுமே காட்டவில்லை. பல்பு போய்விட்டதா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. குளிர்ந்த மெர்க்குரி பல்பில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் கம்பித் தொடர்பே கிடையாது. நடுவில் இருப்பது ஆர்கான் வாயுவும் பாதரசமும்தான். நல்ல பல்பும் செத்த பல்பும் மீட்டரில் ஒரே மாதிரி திறந்த சுற்றாகத்தான் காட்டும். இழை பல்பைச் சோதிக்கும் பழக்கத்தில் இதையும் சோதித்துவிட்டு, நன்றாக இருப்பதைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய.

மீட்டருக்குப் பதில் கண்ணை நம்புங்கள். உள்குழாயின் முனைகள் கறுத்திருக்கின்றனவா, குழாய் எங்காவது உப்பியிருக்கிறதா, உள்ளே தாங்கும் கம்பிகள் துருப்பிடித்து நீலம் பாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முனை கறுத்தது, நிறைய ஓடிய பல்பு. அதனால் எரியாது என்றில்லை. கம்பி நிறம் மாறியிருந்தால் வெளிக்கண்ணாடிக்குள் காற்று புகுந்துவிட்டது. அதை அலமாரியில் வைக்கலாம், மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

எங்கே தேடினால் கிடைக்கும்?

பெசி பூரோக் கடைகள், மூடப்பட்ட ஆலைகளின் ஸ்டோர் அறை, பழைய ஹார்ட்வேர் கடைகளின் மேல் தட்டு. மூன்றாவதுதான் நல்ல இடம்: பெட்டி பிரிக்காத பல்பு அங்கேதான் தூங்கும். ஈப்போவின் பழைய மின்சாமான் கடைகளில் பொறுமையாகக் கேட்டால் கடைக்காரரே மறந்துபோன சரக்கு வெளியே வரும்.

தோட்டத்துக் கட்டடம் பாழடைந்து கிடந்தாலும் அதற்குச் சொந்தக்காரர் உண்டு. மேனேஜரிடமோ கிராணியிடமோ கேட்டு வாங்குங்கள். தெருக் கம்பத்தில் தொங்குவது யாருடையதாக இருந்தாலும் உங்களுடையது அல்ல; ஏறவே வேண்டாம்.

வாங்கும்போது பல்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கூண்டு (விளக்கின் வெளிக்கூடு), ஹோல்டர், சோக் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்), கேப்பாசிட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். சோக்கில் செம்பு இருப்பதால் கடைக்காரர் அதைத்தான் முதலில் உடைப்பார். பல்பு நாலு இடத்தில் கிடைக்கும். அதற்குச் சரியான பழைய சோக் கிடைப்பதுதான் பாடு.

சோக் எதற்கு? நேராக பிளக்கில் கொடுத்தால் என்ன?

மெர்க்குரி பல்புக்குள் மின்னோட்டம் போகப் போக, அதன் தடை குறைந்துகொண்டே வரும். தடை குறைந்தால் மின்னோட்டம் இன்னும் கூடும். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு நொடிக்குள் பியூஸ் போகும், அல்லது உள்குழாய் வெடிக்கும். சோக் என்பது பல்போடு தொடரில் நின்று அந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போடும் கம்பிச்சுருள்.

இந்தப் பக்கத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மரை பொருந்துவது வேறு, மின்சாரம் பொருந்துவது வேறு. வீட்டுச் சமையலறையில் தொங்கும் சாதாரண ஹோல்டரில் 125 வாட் மெர்க்குரி பல்பு அழகாகத் திருகிக்கொள்ளும். அதுதான் ஆபத்தே.

எந்தப் பல்புக்கு எந்தச் சோக்?

ஒவ்வொரு வாட்டுக்கும் தனிச் சோக். ஐரோப்பிய, பிரிட்டிஷ் வகைப் பல்புகள் எரியும்போது எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 50 வாட்டுக்கு 0.6 ஆம்பியர், 80 வாட்டுக்கு 0.8, 125 வாட்டுக்கு 1.15, 250 வாட்டுக்கு 2.15, 400 வாட்டுக்கு 3.25. சோக்கின் லேபிளில் உள்ள ஆம்பியர் இதோடு ஒத்துப்போக வேண்டும். லேபிளில் எச்ஜி, எச்பிஎல், எச்க்யூஎல், எம்பிஎஃப் என்று ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும்.

125 வாட் சோக்கில் 80 வாட் பல்பைப் போட்டால் அது கூடுதல் பிரகாசத்தோடு எரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் உள்குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி உப்பத் தொடங்கும். 80 வாட் சோக்கில் 125 வாட் பல்பைப் போட்டால் பல்பு மங்கலாக, ஊதா நிறம் விலகாமலே நின்றுவிடும். மின்முனைகள் போதிய சூடு ஏறாமல் சீக்கிரம் தேயும். முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண்.

சோடியம் சோக்கை இதற்கு வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், ஏனென்றால் அது எளிதாகக் கிடைக்கிறது. வேண்டாம். 250 வாட் சோடியம் பல்பு 3 ஆம்பியர் எடுப்பது. அதன் சோக் 250 வாட் மெர்க்குரியை வறுத்துவிடும். சோடியம் விளக்கில் பல்பைத் தொடங்கி வைக்கும் இக்னைட்டர் வேறு இருக்கும். பெரிய வாட்களில் அது 3,000 முதல் 4,500 வோல்ட் வரை துடிப்புகளை அனுப்பும். மெர்க்குரி பல்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல, பழைய ஹோல்டரும் அதைத் தாங்காது. மெர்க்குரிக்கு இக்னைட்டரே தேவையில்லை.

சில சோக்குகளில் 220, 230, 240 என்று மூன்று முனைகள் இருக்கும். நம் நாட்டில் பெயரளவு வோல்ட் 2008 முதல் 230 என்றாலும், பிளக்கில் அளந்தால் 240ஐ ஒட்டி வருவது சகஜம். அளந்து பார்த்து, அதற்கு அடுத்த மேல் முனையில் இணையுங்கள். சந்தேகம் இருந்தால் 240.

ஹோல்டர் விஷயத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

50, 80, 125 வாட் பல்புகளின் கேப் (ஹோல்டரில் உட்காரும் உலோக அடி) வழக்கமாக இ27, அதாவது 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகு. 250 வாட்டும் அதற்கு மேலும் இ40. பிரிட்டிஷ் தயாரிப்பான 80, 125 வாட்டில் மூன்று ஊசி கொண்ட பயனெட் (செருகித் திருப்பும்) கேப்பும் உண்டு. வீட்டு பயனெட் ஹோல்டரில் இரண்டு ஊசிக்குத்தான் பள்ளம். மூன்றாவது ஊசியை வேண்டுமென்றே வைத்தார்கள், சோக் இல்லாத ஹோல்டரில் யாரும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஊசியை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு சாதாரண ஹோல்டரில் மாட்டும் யோசனை யாருக்காவது வந்தால், மேலே உள்ள ‘சோக் எதற்கு?’ என்ற கேள்வியை மறுபடி படிக்கட்டும். மூன்று ஊசிப் பல்பு கிடைத்தால் அதன் ஹோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் வழி. தனியாகத் தேடினால் லேசில் கிடைக்காது.

ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும். கறுப்பு பேக்கலைட்டும் பிளாஸ்டிக்கும் 125 வாட் சூட்டில் சில மாதங்களில் நொறுங்கும். பழைய பீங்கான் ஹோல்டரை எடுத்ததும் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பீங்கானில் மயிரிழை விரிசல். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் விரிசல். இரண்டு, நடுவில் உள்ள பித்தளை நாக்கு. பல வருடம் சூட்டில் கிடந்து வளைந்து, வில்தன்மை போயிருக்கும். பல்பை முழுதாகத் திருகிய பிறகும் நாக்கு தொடாமல், இடையில் பொறி பறந்து, கேப்பின் ஈயப்பொட்டு உருகிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு நாக்கை இரண்டு மில்லிமீட்டர் மெதுவாக மேலே தூக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். தூக்கும்போதே ஒடிந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். மூன்று, திருகுச் சுவரில் பச்சை பூத்திருத்தல். நம் ஊர் ஈரத்தில் இது தவிர்க்க முடியாதது. வினிகரும் பழைய பல் துலக்கியும் போதும், பிறகு தண்ணீரில் அலசி நன்றாகக் காய வையுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. சூட்டில் அது கரியாகும்.

இணைக்கும்போது சோக்கிலிருந்து வரும் லைவ் கம்பி நடு நாக்குக்கும், நியூட்ரல் திருகுச் சுவருக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும். ஆனால் பல்பைக் கழற்றுகிறவரின் விரல் படும் உலோகத்தில் 240 வோல்ட் நிற்கும்.

ஜப்பான், அமெரிக்கப் பல்புகளும் கிடைக்கின்றனவே?

ஆலை இயந்திரங்களோடு வந்தவையாக இருக்கும். ஜப்பான் வகையில் 100, 200, 300 வாட் என்று நம் சோக்குகளில் இல்லாத எண்கள் உண்டு. அமெரிக்காவில் 100, 175 வாட். இவற்றை அருகில் உள்ள வாட் சோக்கில் போட்டுச் சமாளிக்கக் கூடாது; அந்த நாட்டுச் சோக்கும், தேவையென்றால் டிரான்ஸ்பார்மரும் வேண்டும். கேப்பும் சற்று வேறு: இ26, இ39. இ26 நம் இ27 ஹோல்டரில் கொஞ்சம் தளர்ச்சியாக உட்காரும். இ39 பல்பை இ40 ஹோல்டரில் திருகினால் நடு நாக்கு எட்டுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எதிர்த்திசையில், இ40 பல்பை இ39 ஹோல்டருக்குள் முறுக்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு கண்ணாடி உங்கள் கையில், கேப் ஹோல்டரில்.

சோக் இல்லாமலே எரியும் மெர்க்குரி பல்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. உள்குழாயைச் சுற்றி டங்ஸ்டன் இழை ஓடும். அந்த இழையே சோக்கின் வேலையைச் செய்து, தானும் மஞ்சளாக ஒளிர்ந்து நீலத்தைக் கொஞ்சம் தணிக்கும். பிலிப்ஸில் எம்எல், ஓஸ்ராமில் எச்டபிள்யூஎல், பிரிட்டிஷ் குறியீட்டில் எம்பிடிஎஃப். 160 வாட் இ27 தான் அதிகம் புழங்கியது. சோக் வயரிங் பழகாதவர்கள் இதில் தொடங்குவது நல்லது. ஆனால் எழுத்தில் 220-240 வோல்ட் என்று தெளிவாக இருந்தால் மட்டுமே நேரடியாக மாட்டுங்கள். வோல்ட் குறிக்காமல் வாட் மட்டும் குறித்திருந்தால் அது சோக் பல்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பல்பின் உயிர் இழையில் இருக்கிறது. சும்மா சும்மா தட்டி அணைத்தால் சீக்கிரம் போகும்.

கேமரன் மலையிலும் பிரேசர் மலையிலும் வெள்ளைத் துணி கட்டி, இரவில் விட்டில்பூச்சி பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பல்பு பிடிக்கும், புற ஊதாக் கதிர் பூச்சிகளை இழுப்பதால். வீட்டில் எரித்தாலும் மழை விட்ட மாலையில் ஈசல் படையே வரும்.

சோதனைப் பெட்டி ஒன்று செய்ய என்னென்ன வேண்டும்?

125 வாட்டுக்குச் சொல்கிறோம். 125 வாட் மெர்க்குரி சோக் ஒன்று, 10 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் ஏசி கேப்பாசிட்டர் ஒன்று, வெளியேற்றும் ரெசிஸ்டர் உள்ளது, இ27 பீங்கான் ஹோல்டர், இரு முனையும் துண்டிக்கும் சுவிட்ச், 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி கேபிள் இரண்டு மீட்டர். 13 ஆம்பியர் பிளக், அதற்குள் 3 ஆம்பியர் பியூஸ். 250 வாட் என்றால் பியூஸ் 5, கேப்பாசிட்டர் 18. 400 வாட் என்றால் பியூஸ் 10, கேப்பாசிட்டர் 25. இவற்றை வைக்க ஓர் இரும்புப் பெட்டி. பலகையில் சோக்கை நேராகத் திருகாதீர்கள், அது தொட முடியாத சூடேறும்.

பிளக்கிலிருந்து வரும் பழுப்புக் கம்பி சுவிட்ச் வழியாகச் சோக்கின் உள்முனைக்குப் போகிறது. சோக்கின் வெளிமுனையிலிருந்து ஹோல்டரின் நடு நாக்குக்கு. நீலக் கம்பி சுவிட்ச் வழியாக ஹோல்டரின் திருகுச் சுவருக்கு. பச்சை மஞ்சள் கம்பி பெட்டிக்கும் சோக்கின் உடம்புக்கும் ஹோல்டரைத் தாங்கும் உலோகத்துக்கும். கேப்பாசிட்டர் சுவிட்சுக்கு அடுத்து, சோக்குக்கு முன்னால், பழுப்புக்கும் நீலத்துக்கும் குறுக்கே நிற்கும். ஹோல்டருக்கு வரும் கடைசி 30 சென்டிமீட்டர் மட்டும் சிலிக்கன் ரப்பர் உறையிட்ட சூடு தாங்கும் கம்பியாக இருக்கட்டும். சாதாரண பிவிசி அங்கே பொரிந்துவிடும்.

கேப்பாசிட்டர் இல்லாமலும் பல்பு எரியும். இருந்தால் பிளக்கிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் 1.15 ஆம்பியரிலிருந்து 0.7 ஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கும். தவறிப்போய் அதைத் தொடரில் இணைத்தால் பல்பின் வழியே அளவுக்கு மீறிய மின்னோட்டம் போகலாம். அணைத்த பிறகும் ஒரு நிமிடம் அதைத் தொட வேண்டாம்.

பழைய சோக்கை இணைக்கும் முன், 500 வோல்ட் மெக்கரில் (காப்புத் தடை அளக்கும் கருவி) சுருளுக்கும் உடம்புக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 2 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் நாலு நாள் வெயிலில் வைத்து மறுபடி அளக்கலாம். அப்போதும் ஏறவில்லை என்றால் பெசி பூரோக் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுங்கள். பெட்டியை 30 மில்லிஆம்பியர் இஎல்சிபி (மின்கசிவு பிரேக்கர்) உள்ள பிளக்கில் மட்டும் செருகுங்கள். சுவரிலோ கூரையிலோ நிரந்தரமாக மாட்டுவது வேறு வேலை. அதற்குச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேன் வேண்டும்.

சுவிட்சைத் தட்டியதும் என்ன நடக்க வேண்டும்?

முதல் நொடிகளில் உள்குழாயின் ஒரு முனையில் மங்கலான ஊதா. அது சட்டென்று குழாய் முழுக்கப் பரவும். இந்த நேரத்தில் பல்பின் குறுக்கே இருபது வோல்ட் அளவுதான் இருக்கும். மின்னோட்டம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், அதனால் சோக் கொஞ்சம் உறுமும். பாதரசம் ஆவியாக ஆவியாக, அகலமான ஊதாப் புகை சுருங்கி நடுவில் வெள்ளைக் கயிறாக இறுகும். நாலைந்து நிமிடத்தில் முழு வெளிச்சம், பல்பின் குறுக்கே 125 வோல்ட் அளவு.

அணைத்தவுடன் மறுபடி தட்டினால் எரியாது. உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்போது இந்த வோல்ட்டால் அதைத் தொடங்க முடியாது. ஐந்து நிமிடமோ கொஞ்சம் கூடவோ ஆறினால் தானே எரியும். மழைநாளில் இடி இடித்து, வீட்டு விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டினாலே மெர்க்குரி அணைந்துபோகும். தோட்டத்து ஜெனரேட்டர் காலத்தில் ஆலையில் ஒரு மோட்டார் ஏறும்போது திடலே இருண்டது இதனால்தான்.

எரியவில்லை, அல்லது சரியாக எரியவில்லை. எங்கே பார்ப்பது?

ஒன்றுமே நடக்கவில்லை என்றால், பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் நாக்குக்கும் சுவருக்கும் இடையே அளக்கவும். பல்பு இல்லாதபோது சோக்கைத் தாண்டியும் முழு 230-240 வோல்ட் காட்ட வேண்டும். காட்டினால் குற்றம் பல்பிலோ நாக்கிலோ. காட்டாவிட்டால் பியூஸ், சுவிட்ச், சோக் என்று பின்னோக்கிப் போங்கள். மின்சாரம் உள்ள ஹோல்டரில் அளப்பது பழகியவர் செய்யும் வேலை.

ஒரு முனை மட்டும் ஒளிர்ந்து, சோக் கடுமையாக உறுமினால் உடனே அணையுங்கள். ஒரு மின்முனையின் பூச்சுத் தேய்ந்துவிட்டது. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகிறது. அப்படியே விட்டால் நல்ல சோக்கையும் அது எரித்துவிடும்.

பத்து நிமிடம் ஆகியும் ஊதா விலகவில்லை என்றால் முதலில் சோக்கின் வாட்டைச் சந்தேகப்படுங்கள், பிறகு பல்பை. சோக் எப்போதும் இரைச்சல் போட்டால் அதன் தகடுகளை இறுக்கும் திருகுகள் தளர்ந்திருக்கும். மங்கலாக, பச்சை பாய்ந்து எரிகிறது என்றால் வயதாகிவிட்டது. மெர்க்குரி பல்பு இழை பல்பைப்போல் ஒரு நாளில் சாகாது, வருடக்கணக்கில் மங்கிக்கொண்டே இருக்கும்.

வெளிக்கண்ணாடி உடைந்த பிறகும் பல்பு எரிகிறது. பரவாயில்லையா?

உடனே அணையுங்கள். உள்குழாய் குவார்ட்ஸ், புற ஊதாக் கதிரை அது தடுக்காது. தடுப்பது வெளிக்கண்ணாடிதான். அது உடைந்தாலும் உள்குழாய் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே, சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், தோல் சிவக்கும். வெல்டிங் பார்த்தவருக்கு வருவதும் இதுவேதான். கூண்டுக் கண்ணாடி இல்லாத பழைய விளக்குகளில் குளிர்ந்த மழைத்துளி சூடான பல்பில் பட்டு இப்படி உடைவது உண்டு.

உள்குழாயே உடைந்து பாதரசம் கொட்டினால்?

ஒரு பல்பில் இருப்பது சில பத்து மில்லிகிராம். பீதி வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, ஏர்கான் இருந்தால் நிறுத்தி, கால் மணி நேரம் அறையை விட்டு விலகியிருங்கள். பல்பு சூடாக இருந்தபோது உடைந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். பிறகு கையுறை போட்டு, கெட்டியான அட்டையால் துண்டுகளை வழித்து, சிறு மணிகளை ஒட்டும் டேப்பால் எடுத்து, இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். விளக்குமாறு மணிகளைச் சிதறடிக்கும். வேக்கும் கிளீனர் பாதரசத்தை ஆவியாக்கி அறை முழுக்கப் பரப்பும்.

பழைய கூண்டைப் பிரிக்கும்போது வேறு ஆபத்து உண்டா?

இரண்டு. பழைய தகரக் கேப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். அஸ்காரல், அரோக்ளோர், க்ளோஃபென், பைரனால் என்ற பெயர்களில் ஒன்று லேபிளில் இருந்தாலும், ஒன்றுமே படிக்க முடியாவிட்டாலும், திறக்காதீர்கள், புதியது போடுங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவே வேண்டாம். மற்றொன்று, ஹோல்டர் கம்பிகளில் சுற்றிய வெள்ளை நூல் உறையும் கண்ணாடி விளிம்பில் திணித்த கயிறும். அவை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் பிய்க்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, அப்படியே பையில் கட்டிவிடுங்கள்.

எவ்வளவு பழையது என்று எப்படிக் கணிப்பது?

பீட்டர் கூப்பர் ஹியூவிட் 1901ல் உருவாக்கிய நீளக்குழாய் விளக்கு வேறு இனம், குறைந்த அழுத்தம் கொண்டது. தெருவுக்கு வந்த உயர் அழுத்த வகையை பிரிட்டனின் ஜிஇசி நிறுவனம் 1932ல் வெம்பிளியில் ஒரு தெருவில் மாட்டிக் காட்டியது. அந்தத் தொடக்க வகையின் குறியீடு எம்ஏ. அதன் உள்குழாய் குவார்ட்ஸ் அல்ல, கடினக் கண்ணாடி. நிமிர்த்தித்தான் எரிக்க வேண்டும். படுக்க வைத்தால் ஒளிக்கயிறு மேலே வளைந்து கண்ணாடியை இளக்கிவிடும். அப்படியொன்று உங்கள் கைக்கு வந்தால் அதை எரிக்கவே நினைக்காதீர்கள்.

நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் பூச்சுள்ள குவார்ட்ஸ் வகை. 1960களின் கடைசியில் இட்ரியம் வனடேட் பூச்சு வந்து சிவப்பைக் கொஞ்சம் கூட்டியது. பூச்சே இல்லாதது எரியும்போது குங்குமம் கறுப்பாகத் தெரியும். பாதரச ஒளியில் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் கோடுகள் உண்டு; சிவப்புக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கோயில் திருவிழாவுக்கு அலங்கார விளக்காகக் கேட்டு வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிவப்புப் பட்டுச் சேலை காப்பித்தூள் நிறத்தில் தெரிந்த பிறகு சொன்னால் கோபப்படுவார்கள்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

நம் ஊரில் எதிரிகள் ஈரமும் கரையானும். அசல் அட்டைப்பெட்டிக்கும் மதிப்பு உண்டு, ஆனால் கரையானுக்கு அது சாப்பாடு. இரும்பு அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பல்பைத் துடைக்க உலர்ந்த மெல்லிய துணி போதும். முத்திரை எழுத்தின் மேல் ஸ்பிரிட் படக் கூடாது, ஒரே தேய்ப்பில் போய்விடும். கேப் ஆடினால் அதைப் பிடித்துத் திருகாதீர்கள். சிமெண்ட் உதிர்ந்திருக்கிறது, உள்ளே கம்பி முறுக்கி அறுந்துவிடும்.

இனி புதிதாக வாங்க முடியாதா? வேண்டாததை எங்கே போடுவது?

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினாமாத்தா உடன்படிக்கை பொது வெளிச்சத்துக்கான உயர் அழுத்த மெர்க்குரி பல்புகளின் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதிக்கு 2020ஐ எல்லையாக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015லேயே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்கா 2008ல் சோக்குகளையே நிறுத்தியது. ஆகவே இருக்கும் சரக்குதான் சரக்கு.

செத்த பல்பை வீட்டுக் குப்பையிலோ செம்பனைக் காட்டிலோ வீசக் கூடாது. பாதரசம் உள்ள கழிவு நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 109 என்ற குறியீட்டில் வருகிறது. தொழிற்சாலைகள் உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் ஒன்றிரண்டு வைத்திருப்பவர்கள் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்கலாம்; அருகில் எது என்று ஜபாத்தான் ஆலாம் செகித்தாரிலோ (சுற்றுச்சூழல் துறை) நகராண்மைக் கழகத்திலோ கேளுங்கள். கொண்டுபோகும்போது ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியின் மேல் பாதரசம் என்று எழுதி ஒட்டுங்கள். மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து எடுத்துப் போக வேண்டாம்.